முதல் விமானி வேலை: சொற்பச் சம்பளத்துக்குச் சம்மதிக்கும் முன்

கையில் சிபிஎல் என்ற வணிக விமானி உரிமம், பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கில் 200 மணி நேரத்துக்குச் சற்று மேல், வங்கியில் கல்விக் கடன். இந்தியாவில் விமானிப் பயிற்சி முடித்த பெரும்பாலானோர் நிற்கும் இடம் இதுதான். அப்போது ஒரு பயிற்சிப் பள்ளியிலிருந்தோ, விமானத்தை வாடகைக்குப் பறக்கவிடும் சிறிய சார்ட்டர் நிறுவனத்திலிருந்தோ அழைப்பு வருகிறது. சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், சொல்லும் தொகை கடனின் மாதத் தவணைக்கே காணாது. சம்மதிப்பதா, பெரிய நிறுவனங்களின் அடுத்த தேர்வுக்குக் காத்திருப்பதா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக முதல் வேலையை மறுக்க வேண்டாம். ஆனால் அந்த வேலையில் லாக்புக்கில் என்ன ஏறும், எந்தத் தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள், அந்த விமானங்களின் பராமரிப்பு எப்படி இருக்கிறது என்ற மூன்றும் தெரியும் வரை சரி என்றும் சொல்ல வேண்டாம். இவற்றை விசாரிக்க ஒரு வாரம் போதும். ஒரு வாரம் அவகாசம் தர மறுக்கும் இடத்தில் வேலைக்குச் சேராமல் இருப்பதே நல்லது.

வரிசையில் உங்கள் இடம்

2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. விமானிகளுக்குப் பெரும் பஞ்சம் வரப்போகிறது என்று செய்திகள் வந்தன. ஆனால் ஆர்டர் கொடுத்த விமானங்கள் பல ஆண்டுகளில் பிரிந்து பிரிந்துதான் வந்து சேரும். பஞ்சம் என்று பேசப்படுவதும் பெரும்பாலும் கேப்டன்களைப் பற்றித்தான். புதியவர்களுக்கான இடங்களில் பெரும்பகுதியை நிறுவனங்கள் தாங்களே ஆள் எடுத்துப் பயிற்றுவிக்கும் சொந்த கேடட் திட்டங்கள் வழியாக நிரப்பிக்கொள்கின்றன. இது போதாதென்று, 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும் 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்டும் பறப்பதை நிறுத்தியபோது, அனுபவமும், குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங்கும் உள்ள விமானிகள் மொத்தமாக வேலை தேடத் தொடங்கினார்கள். அப்படி ஒன்று நடக்கும்போதெல்லாம் 200 மணி நேரக்காரர் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுகிறார்.

எஞ்சிய வழிகள் சில. பயிற்சிப் பள்ளியில் துணைப் பயிற்றுநர், சார்ட்டர் விமானத்தில் துணை விமானி, சிறிய ஊர்களை இணைக்கும் நிறுவனங்களில் துணை விமானி. தரையில் இருந்தபடி பாடம் நடத்துவது, விமான நிறுவனத்தின் செயல்பாட்டுப் பிரிவில் சேர்வது போன்ற வேலைகளும் உண்டு. அவை வயிற்றைக் கவனிக்கும், லாக்புக்கைக் கவனிக்காது. இங்கே பறக்கும் வேலைகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதல் கணக்கு: உயிர்வாழ எவ்வளவு?

ஒரு தாளை எடுத்து, அந்த ஊரில் ஒரு மாதம் வாழ என்ன ஆகும் என்று எழுதுங்கள். பயிற்சிப் பள்ளிகள் பெரும்பாலும் பாராமதி, கோண்டியா, துலே, ஃபர்சத்கஞ்ச் போன்ற ஊர்களில் இருக்கின்றன. வாடகை மலிவு. ஆனால் அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வந்துபோகும் செலவு மலிவில்லை. சார்ட்டர் வேலை என்றால் டெல்லியிலோ மும்பையிலோ, நினைத்த நேரத்தில் விமான நிலையம் போய்ச் சேரும் தொலைவில், குடியிருக்கச் சொல்வார்கள். வாடகை தலைகீழாகிவிடும்.

உரிமத்தைக் காப்பாற்றும் செலவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை ஆண்டுதோறும் செய்ய வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. அந்தச் சோதனைக்கு விமானமோ சிமுலேட்டரோ வாடகைக்கு எடுக்க நேர்ந்தால் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். 'வேலையில் இருக்கும்வரை இந்தச் சோதனைகளின் செலவு யாருடையது?' என்று கேட்டுவிடுங்கள். நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது என்றால் அதையும் சம்பளமாகவே கணக்கில் வையுங்கள்.

பிறகு கடன். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் அந்தக் காலத்திலும் ஏறிக்கொண்டே இருக்கும். நீங்கள் வாங்கிய கடன் இந்தத் திட்டத்தில் உள்ளதா, வீட்டை அடமானம் வைத்து வாங்கியதா என்பதைப் பொறுத்து இது மாறும். தவணை எந்த மாதம் தொடங்குகிறது என்று வங்கியில் கேட்டு அந்தத் தேதியைத் தாளின் தலைப்பிலேயே எழுதுங்கள்.

கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை யார், எத்தனை மாதத்துக்கு நிரப்புவார்கள் என்பதை அப்பாவிடமும் அம்மாவிடமும் உட்கார்ந்து பேசுங்கள். 'எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் தம்பி' என்ற பதிலோடு எழுந்துவிடாதீர்கள். தொகையும் மாதங்களும் தெரிய வேண்டும். கிரெடிட் கார்டையும் தனிநபர் கடனையும் வைத்து நிரப்ப வேண்டிய பள்ளம் என்றால், லாக்புக்கில் என்ன ஏறினாலும் அந்த வேலை கட்டுப்படியாகாது.

இரண்டாவது கணக்கு: மணி நேரம்

இதுதான் விஷயத்தின் நடு. நீங்கள் போகிற இடம் ஏடிபிஎல், அதாவது விமான நிறுவனத்தில் கேப்டனாக வேண்டிய உயர்நிலை உரிமம். அதற்கு 1500 மணி நேரம் வேண்டும். இப்போது இருப்பது 200. முதல் வேலையின் பெறுமானத்தில் பெரும்பங்கு, இந்த இடைவெளியை அது எவ்வளவு வேகமாகவும் எத்தகைய மணி நேரத்தாலும் நிரப்புகிறது என்பதில் இருக்கிறது.

இரண்டு வேலைகள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று பயிற்சிப் பள்ளி, மாதம் 25,000 ரூபாய், சராசரியாக 50 மணி நேரம் பறப்பு. இன்னொன்று சார்ட்டர் நிறுவனம், மாதம் 60,000 ரூபாய், 12 மணி நேரம் பறப்பு. ஓராண்டில் முதலாவது 600 மணி நேரம் தருகிறது, இரண்டாவது 144. சம்பள வித்தியாசம் ஆண்டுக்கு 4,20,000 ரூபாய். மணி நேர வித்தியாசம் 456. ஒரு மணி நேரப் பறப்புக்குப் பள்ளிகள் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வாங்குவது உங்களுக்கே தெரியும், கட்டியவர் நீங்கள்தானே. அந்த விலையில் பார்த்தால் 456 மணி நேரம் 45 லட்சத்தைத் தாண்டுகிறது.

இதோடு முடிவெடுத்துவிட வேண்டாம், எல்லா மணி நேரமும் ஒரே எடை உடையதில்லை. துணைப் பயிற்றுநராகப் பறக்கும் நேரம் உங்கள் லாக்புக்கில் விமானத் தலைவர் நேரமாக, அதாவது பிஐசி என்று ஏறும். பின்னால் எந்தத் தேர்வுக் குழுவும் முதலில் பார்க்கும் கட்டம் அது. ஆனால் ஒற்றை எஞ்சின் விமானத்தில் அதே ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி வரும் மணி நேரம், முதல் சில நூறுக்குப் பிறகு புதிதாகக் கற்றுத் தருவது குறைவு. பள்ளியில் இரட்டை எஞ்சின் விமானம் இருக்கிறதா, அதில் கற்பிக்க உங்களுக்கு எப்போது வாய்ப்பு வரும், இரவுப் பறப்பு உண்டா என்று கேளுங்கள். துணைப் பயிற்றுநர் மேற்பார்வையின் கீழ்தான் கற்பிக்கலாம். மாணவரை முதல் சோலோவுக்கு, அதாவது தனியாகப் பறக்க, அனுப்பும் அதிகாரம் மூத்த பயிற்றுநருக்கு உரியது. ஆகவே அங்கே மூத்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் ஊரில் இருக்கிறார்களா என்பதும் முக்கியம்.

சார்ட்டர் பக்கம் வேறொரு நுணுக்கம். கிங் ஏர் பி200, செஸ்னா காரவான் போன்றவை ஒரே விமானி இயக்கலாம் என்று சான்றளிக்கப்பட்டவை. அப்படிப்பட்ட விமானத்தில் விதி காரணமாகத் துணை விமானியாக உட்காரும் நேரத்தில், உயர்நிலை உரிமத்துக்கான கணக்கில் பாதிக்கு மேல் சேராது என்பது பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ-வின் முதலாம் இணைப்பு வகுத்திருக்கும் பொது விதி. விமானத்தின் அமைப்பையும் இயக்கும் முறையையும் பார்த்து முழுதாக ஏற்கவும் அதில் இடமுண்டு. ஏடிஆர், ஏர்பஸ் ஏ320 போன்றவை இரண்டு விமானிகளுக்கு என்றே சான்றளிக்கப்பட்டவை என்பதால் அங்கே இந்தச் சிக்கல் எழாது. 'எனக்குமுன் இங்கே துணை விமானியாக இருந்தவரின் நேரத்தை டிஜிசிஏ எப்படி ஏற்றுக்கொண்டது?' என்று கேளுங்கள். உரிமம் தரும் அரசு அமைப்புதான் டிஜிசிஏ. பதில் தடுமாறினால் அந்த நேரத்தைப் பாதியாகவே கணக்கிடுங்கள்.

சார்ட்டர் வேலைக்கு ஆதரவாகவும் சொல்ல வேண்டும். பெரிய விமான நிலையங்களின் நெரிசல், உண்மையான மேகம், பக்கத்தில் பத்தாயிரம் மணி நேரம் பறந்த கேப்டன் எல்லாம் பயிற்சிப் பள்ளியில் கிடைக்காதவை. பயணியின் பெட்டியை ஏற்றுவது, உணவு வந்துவிட்டதா என்று பார்ப்பது, நிறுத்தக் கட்டண ரசீதை வாங்குவது ஆகியவையும் துணை விமானியின் தலையில்தான் விழும். தோளில் பட்டை போட்ட பிறகு பெட்டி தூக்குவதா என்று நினைப்பவருக்கு அந்தப் பக்கம் சரிப்படாது.

'மாதம் 70 மணி நேரம்' என்றால்?

வேலைக்கு எடுப்பவர் சொல்லும் மணி நேரம் ஜனவரி மாதத்து மணி நேரம். மகாராஷ்டிரத்திலும் மத்திய இந்தியாவிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பயிற்சியை முடக்கிப்போடும். உத்தரப் பிரதேசத்தில் டிசம்பர், ஜனவரி காலைகளை மூடுபனி எடுத்துக்கொள்ளும். சம்பளம் மணி நேரக் கணக்கில் என்றால் இந்த மாதங்களில் கைக்கு வருவது என்ன? குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை உண்டா? சராசரியைக் கேட்காதீர்கள். சென்ற ஆண்டு ஜூலையில் ஒரு துணைப் பயிற்றுநர் எத்தனை மணி நேரம் பறந்தார் என்று கேளுங்கள்.

முடிந்தால் ஒரு நாள் காலை நேரிலேயே போய் ஹேங்கர் எனும் விமானக் கொட்டகையின் வாசலில் நில்லுங்கள். இணையதளத்தில் 12 விமானங்களின் படம் இருக்கும். வெளியே நிற்பவை எத்தனை, எஞ்சின் மூடி திறந்து கிடப்பவை எத்தனை, டயரில் காற்றிறங்கி மூலையில் தூசி படிந்து நிற்பவை எத்தனை என்று எண்ணுங்கள். ஓடும் விமானங்களின் எண்ணிக்கையைப் பயிற்றுநர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், உங்களுக்கு என்ன மிஞ்சும் என்பது புரிந்துவிடும்.

சம்பளம் எந்த மீட்டரின்படி என்பதையும் கேளுங்கள். பல செஸ்னா 172-களின் கருவிப் பலகையில் நேரம் காட்டும் இரண்டு எண்கள் உண்டு. ஹாப்ஸ் மீட்டர் எஞ்சின் ஓடும் நேரத்தைக் கடிகாரம்போல் அப்படியே காட்டும். டாக்கோ எஞ்சினின் சுழற்சியைப் பொறுத்து ஓடும். ஓடுதளத்துக்கு ஊர்ந்து போகும்போதும், முன்னால் நிற்பவர் கிளம்பட்டும் என்று காத்திருக்கும்போதும் அது கடிகாரத்தைவிட மெதுவாகவே நகரும். ஹாப்ஸில் 1.2 என்று முடியும் பறப்பு டாக்கோவில் 1.0 என்று முடிவது சாதாரணம். மாதம் 60 ஹாப்ஸ் மணி நேரம் பறந்தவருக்கு 50 மணி நேரச் சம்பளம் வரும். பறக்கும்முன் மாணவருக்கு விளக்குவதற்கும் இறங்கியபின் குறைகளைச் சொல்வதற்கும் செலவாகும் நேரத்துக்கு எந்த மீட்டரும் கிடையாது.

விமானமும் களைப்பும்

விபத்துகளை விசாரிக்கும் ஏஏஐபி தன் அறிக்கைகளை இணையத்தில் பொதுவில் வைக்கிறது. சேரப்போகும் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். ஒரு விபத்து இருந்தது என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டாம். அறிக்கை எதைக் காரணமாகச் சொன்னது, அதே காரணம் இரண்டாவது அறிக்கையிலும் வருகிறதா என்று பாருங்கள். பிறகு, அங்கிருந்து விலகிய இருவரிடம் பேசுங்கள். இப்போது அங்கே வேலை செய்பவர் உண்மையைச் சொல்லும் நிலையில் இருக்கமாட்டார். 'பழுதை டெக் லாகில் (விமானத்தின் பழுதுப் பதிவேட்டில்) எழுதினால் என்ன சொல்வார்கள்? வானிலை சரியில்லை என்று பறப்பை ரத்து செய்தால் என்ன சொல்வார்கள்?' இந்த இரண்டு கேள்விகள் போதும்.

சம்பளத்துக்கும் பாதுகாப்புக்கும் உள்ள தொடர்பைக் காட்ட ஒரு வழக்கு எப்போதும் பேசப்படுகிறது. 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 என்ற பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விமானம் கிளம்பிய இடம் நியூவர்க். துணை விமானி வசித்தது சியாட்டிலில். வேலைக்கு வருவதற்காக அவர் முந்தைய இரவு முழுவதும் நாட்டின் குறுக்கே விமானம் மாறிப் பயணம் செய்திருந்தார். பொது விசாரணையில் அவருடைய சொற்பச் சம்பளமும் பேச்சுக்கு வந்தது. வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் தவறாகச் செயல்பட்டதையே விசாரணை வாரியம் காரணமாக அறிவித்தது. இரு விமானிகளும் களைப்பால் பாதிக்கப்பட்டிருக்கலாம், ஆனால் அது விபத்தில் எவ்வளவு பங்கு வகித்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் அது குறிப்பிட்டது. அந்த விபத்துக்குப் பிறகுதான் அமெரிக்காவில் துணை விமானிக்கும் 1500 மணி நேரம் என்ற விதி வந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம், பள்ளத்தை நிரப்ப இரவில் வேறு வேலை பார்க்கலாம் என்று பலர் திட்டமிடுவதுதான். காலை ஐந்தரைக்கு ஹேங்கரில் இருக்க வேண்டியவர் நள்ளிரவு வரை இணையத்தில் டியூஷன் எடுக்க முடியாது. இரண்டாவது வேலை இல்லாமல் வாழ முடியாத சம்பளம் என்றால் அதைச் சம்பளக் குறைவாகப் பார்க்காமல் பாதுகாப்புக் குறைவாகவே பாருங்கள்.

பறக்காத நேரத்தை லாக்புக்கில் எழுதச் சொன்னாலோ, அப்படி எழுதிய நேரத்துக்குச் சான்றுக் கையெழுத்துப் போடச் சொன்னாலோ அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். 2011-ல் போலி ஆவணங்கள் காட்டி உரிமம் பெற்ற விமானிகள் கைதானது நினைவிருக்கலாம். உரிமம் போனால் எந்தச் சம்பளமும் இல்லை.

கையெழுத்துக் கேட்கும் தாள்கள்

முதல் விதி: பணம் கட்டினால் வேலை என்றால் அது வேலை இல்லை. 'திரும்பத் தரும் முன்பணம்', 'பயிற்சிக் கட்டணம்', வெளிநாட்டில் பயணிகள் விமானத்தில் பறந்து பழகும் 'லைன் டிரெயினிங்' என்று பெயர் எதுவானாலும் சரி. வேலை உத்தரவு கையில் இல்லாமல் சொந்தப் பணத்தில் ஏ320 டைப் ரேட்டிங் எடுப்பதையும் நான் இதில்தான் சேர்ப்பேன். பல லட்சம் கொடுத்து எடுத்த ரேட்டிங், பறக்காமல் கிடந்தால் காலாவதியாகும். அதை மீட்க மறுபடியும் சிமுலேட்டருக்குப் பணம்.

அடுத்து பாண்டு. நிறுவனம் உங்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, இத்தனை ஆண்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குவது. 'பாண்டு எல்லாம் நீதிமன்றத்தில் நிற்காது' என்று விவரம் தெரிந்தவர்போல் சொல்பவர்களை நம்ப வேண்டாம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டு முடியும்முன் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அது பொதுத்துறை வங்கி, தொகையும் சிறியது. உங்கள் பாண்டுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. பொருந்தாது என்று நம்பி இருந்துவிடவும் முடியாது. ஆகவே தொகை உண்மையான பயிற்சிச் செலவுக்கு ஏற்றதா, மாதம் ஆக ஆக அது குறைந்துகொண்டே வருமா, நிறுவனமே உங்களை அனுப்பினாலோ பறப்பை நிறுத்தினாலோ என்ன ஆகும் என்ற மூன்றையும் பாண்டிலேயே எழுத வையுங்கள்.

தேதி போடாமல் கையெழுத்திட்ட காசோலைகளைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். பணமில்லாமல் திரும்பினால் அது செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி குற்ற வழக்காகும். அசல் சான்றிதழ்களையும் லாக்புக்கையும் காட்டலாம், ஒப்படைக்கக் கூடாது.

விலகல் அறிவிப்புக் காலமும் உண்டு. விமான நிறுவனங்களில் துணை விமானி ஆறு மாதமும் கேப்டன் ஓராண்டும் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று 2017 முதல் டிஜிசிஏ விதி இருக்கிறது. பயிற்சிப் பள்ளிகள் தங்கள் ஒப்பந்தத்தில் எதையும் எழுதிக்கொள்ளும். நாளை பெரிய நிறுவனம் அழைத்தால் அது உங்களுக்காக ஆறு மாதம் காத்திருக்காது. பள்ளி வேலைக்கு ஒரு மாதம், அதிகபட்சம் இரண்டு மாதம் என்பதற்குமேல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

காப்பீடு பற்றி ஒரு வரி: தனிநபர் விபத்துக் காப்பீடுகள் பல, கட்டணப் பயணியாகப் பறப்பதைத் தவிர மற்ற பறப்புகளை விலக்கிவைக்கின்றன. நிறுவனத்தின் காப்பீடு உங்களையும் சேர்க்கிறதா என்று கேட்டு, நகல் வாங்குங்கள்.

பேரம்

புதியவருக்குச் சம்பளத்தில் பேரம் பேச இடம் குறைவு. மற்றவற்றில் உண்டு. தங்குமிடம், மழைக்கால உத்தரவாதம், பாண்டின் நீளம், இரட்டை எஞ்சினில் பறக்கும் வாய்ப்பு, விமான நிறுவனத் தேர்வுகளுக்கு விடுப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். நேரில் பேசியதை அன்றே மின்னஞ்சலில் போட்டுவிடுவது நல்லது. இப்படி எழுதலாம்:

'வணக்கம் கேப்டன். இன்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. நான் புரிந்துகொண்டது சரிதானா என்று உறுதிசெய்ய வேண்டுகிறேன். மாதச் சம்பளம் ரூ. 25,000. ஹாப்ஸ் கணக்கில் 30 மணி நேரத்துக்கு மேல் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ரூ. 500. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும் இதே மாதச் சம்பளம். விலகல் அறிவிப்பு ஒரு மாதம். ஆண்டு இன்ஸ்ட்ருமென்ட் சோதனைச் செலவு நிறுவனத்துடையது.'

ஒழுங்கான இடம் என்றால் பதில் வரும். 'அதெல்லாம் எழுத்தில் வேண்டாம், நம் குடும்பம் மாதிரி' என்று தொலைபேசியில் சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

சேர்ந்த பிறகு

சேரும் நாளிலேயே மறுபரிசீலனைக்கு ஓர் அளவு குறித்துக்கொள்ளுங்கள். என் பரிந்துரை ஆறு மாதம். அதற்குள் சொன்ன மணி நேரத்தில் பாதிகூட வரவில்லை என்றால் அடுத்த இடம் தேடத் தொடங்குங்கள். மழை மாதங்களை ஏடிபிஎல் எழுத்துத் தேர்வுகளுக்குப் பயன்படுத்துங்கள், அந்தப் பாடங்கள் சம்பளம் வருகிறதா என்று கேட்பதில்லை.

லாக்புக்கை வாரந்தோறும் எழுதி, மாத முடிவில் தலைமைப் பயிற்றுநரின் கையெழுத்தையும் முத்திரையையும் வாங்குங்கள். டிஜிசிஏ-வின் இஜிசிஏ தளத்திலும் அன்றன்றைக்கே பதியுங்கள். ஆறு மாதக் கையெழுத்தைச் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள், இடையில் பள்ளி மூடப்பட்டாலோ தலைமைப் பயிற்றுநர் வேறு ஊருக்குப் போய்விட்டாலோ, உழைத்துச் சேர்த்த மணி நேரத்துக்குச் சான்று தேடி அலைகிறார்கள். ஒவ்வொரு பக்கம் நிறைந்ததும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே சம்பளச் சீட்டையும், அந்த மாதம் நீங்கள் பறந்த விமானங்களின் பதிவெண்களையும் சேர்த்து வையுங்கள். அடுத்த நிறுவனம் சரிபார்க்கும்போது கேட்பது இவற்றைத்தான்.